வார இறுதியில் மட்டும் சைக்கிள் ஓட்டுபவர் பிரான்ஸின் ஆல்ப்ஸ் மலைகளில் நடக்கும் மார்மோட் சைக்கிள் பந்தயத்தை முடிக்க முடியுமா?

முடியும். ஆனால் முதல் ஏற்றத்திலேயே வேகம் காட்டினால் கடைசி ஏற்றத்தில் இறங்கி நடக்க வேண்டியிருக்கும்.

வழக்கமான பாதை சுமார் 175 கிலோமீட்டர். ஏறும் உயரமெல்லாம் சேர்த்தால் 5,000 மீட்டர் வரும். ஏற வேண்டிய மலைகள் நான்கு: கிளாண்டோன், டெலிகிராஃப், 2,642 மீட்டர் உயரமுள்ள கலிபியே, கடைசியில் ஆல்ப் டுவெஸ். கிளாண்டோனில் எல்லோரும் புத்துணர்ச்சியோடு முந்திக்கொண்டு போவார்கள், விட்டுவிடுங்கள். பக்கத்தில் வருபவரோடு பேச முடிகிற மூச்சில் ஏறுவதே சரியான வேகம்.

டெலிகிராஃப் முடிந்ததும் வலுவார் ஊருக்குச் சின்ன இறக்கம். அங்கே பாட்டிலை நிரப்பி, ஏதாவது சாப்பிட்டுவிடுங்கள். அடுத்து கலிபியே சுமார் 18 கிலோமீட்டர்; அதன் கடைசி 8 கிலோமீட்டர்தான் ஆளைக் களைக்க வைக்கும், உயரத்தில் காற்றும் மெலிந்திருக்கும். அப்புறம் வரும் நீண்ட இறக்கத்தில் தனியாகப் போகாதீர்கள். பள்ளத்தாக்கில் எதிர்காற்று அடித்தால், குழுவோடு ஒட்டிப்போவதில் மிச்சமாகும் தெம்பு பெரியது.

ஆல்ப் டுவெஸின் 21 வளைவுகளுக்கும் பலகை உண்டு, எண் 21-இலிருந்து இறங்கிக்கொண்டே வரும். முதல் இரண்டு கிலோமீட்டர் சுமார் 10 சதவீதச் சரிவு, அதுவும் பிற்பகல் வெயிலில். மிதிக்க இலகுவாக, முன் பற்சக்கரத்தில் 34 பல், பின்னால் 32 அல்லது 34 பல் உள்ள கியர் போட்டுக்கொள்ளுங்கள். இதில் கௌரவம் பார்க்கவே வேண்டாம்.

பயிற்சிக்கு மலை இல்லையென்றால், நிறுத்தாமல் ஒரு மணி நேரம் ஒரே அழுத்தத்தில் மிதித்துப் பழகுங்கள். ஓட்டிக்கொண்டே சாப்பிடவும் பழகுங்கள். மணிக்கு 60 கிராம் மாவுச்சத்தாவது உள்ளே போக வேண்டும்.