'லோகுரா தெ அமோர்' படம் காட்டுவதுபோல் அரசி ஹுவானா உண்மையிலேயே காதலால் பித்துப் பிடித்தவரா?

ஹுவான் தெ ஓர்துன்யா இயக்கி 1948இல் வெளிவந்த இந்தக் கறுப்பு வெள்ளை ஸ்பானியப் படம், இன்று ஸ்பெயினின் பகுதியாக இருக்கும் காஸ்டைல் நாட்டு அரசி ஹுவானாவுக்கும் 'அழகர்' என்று பெயர் பெற்ற அவருடைய கணவர் ஃபெலிப்பேவுக்கும் இடையிலான மணவாழ்க்கையைச் சொல்கிறது. கணவர் பிற பெண்களை நாடியதைத் தாங்க முடியாமல் அரசி மனம் பேதலித்தார் என்பதே படத்தின் கட்சி. அவருக்குப் பொறாமையும் கடுந்துயரமும் இருந்தன என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவரிடமிருந்து ஆட்சியைப் பறித்தது காதல் அன்று. கணவரும் தந்தையும் மகனும் அடுத்தடுத்து நடத்திய அரசியலே அதைப் பறித்தது என்று உறுதியாக நம்புகிறேன்.

1496இல், பதினாறு வயதில், ஹுவானா ஃபிளாண்டர்ஸ் சென்று மணம் முடித்தார். 1504இல் தாய் இசபெல் இறந்ததும் காஸ்டைலின் முடி அவருக்கு வந்தது, கணவருக்கு அன்று. 1506 ஜூனில் வில்லாஃபாஃபிலா என்னும் ஊரில் அவருடைய தந்தை ஃபெர்னாண்டோவும் ஃபெலிப்பேவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, ஹுவானா ஆளத் தகுதியற்றவர் என்று தங்களுக்குள் முடிவுசெய்துகொண்டார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் ஃபெலிப்பே பூர்கோஸில் இறந்தார். 1509இல் தந்தை மகளைத் தோர்தெசியாஸ் அரண்மனையில் அடைத்தார். தந்தைக்குப் பின் அரியணை ஏறிய மகன் கார்லோஸும் அவரை விடுவிக்கவில்லை. 1555இல் இறக்கும்வரை அவர் அங்கேயே இருந்தார். அந்த நாற்பத்தாறு ஆண்டுகளும் சட்டப்படி அவரே அரசி என்பதை எண்ணும்போது எனக்கு இன்றும் மனம் கொதிக்கிறது. 1520இல் கார்லோஸுக்கு எதிராகக் கிளர்ச்சி செய்த காஸ்டைல் நகரத்தார் அவரைத் தேடி வந்து, தங்களுக்கு ஆதரவாகக் கையொப்பம் கேட்டபோது, அதைத் தந்தால் மகனின் ஆட்சியே ஆட்டம் காணும் என்ற நிலையிலும் அவர் தரவில்லை. பித்துப் பிடித்தவரின் செயலாக எனக்கு அது தோன்றவில்லை.

படமோ, தோர்தெசியாஸுக்கு வரும் இளம் கார்லோஸுக்கு ஒரு வீரர் பழங்கதையைச் சொல்வதாகத் தொடங்குகிறது. தாயின் துயரத்துக்குக் காதலே காரணம் என்று கேட்டு உருகும் அந்த மகன்தான் அதன் பிறகும் அவரைப் பல்லாண்டுகள் சிறைவைத்தவர் என்பதைப் பார்வையாளர் உணர வழியே இல்லை. ஃபெலிப்பேயை மயக்கும் மூரிஷ் பெண் அல்தாராவும், சாரா மோந்தியேல் எவ்வளவு அழகாக நடித்திருந்தாலும், தாமாயோ இ பவுஸ் 1855இல் எழுதிய மூல நாடகத்தின் கற்பனைப் பாத்திரமே.

இத்தனைக்குப் பிறகும் அவசியம் பாருங்கள் என்றுதான் சொல்வேன். காரணம், ஹுவானாவாக நடிக்கும் அவுரோரா பவுதிஸ்தா. மேடையிலிருந்து வந்த அவருக்கு இதுவே முதல் படம். உயிர் பிரிந்த கணவரின் படுக்கையருகே நின்று, அரசர் உறங்குகிறார், ஓசை எழுப்பாதீர்கள் என்று அவையோரை அடக்கும் இடத்தில், மிகை நடிப்பின் விளிம்பில் நின்றுகொண்டே அவர் நம்மை நம்பவைத்துவிடுகிறார்.

கணவரின் சவப்பெட்டியுடன் அரசி பயணம் செய்யும் காட்சி, பிரான்சிஸ்கோ பிரதியா 1877இல் வரைந்து இன்று மாட்ரிட்டின் பிராதோ அருங்காட்சியகத்தில் இருக்கும் ஓவியத்தை அப்படியே நிறுத்திக்காட்டுவது. திறந்த வெளி, காற்றில் சாயும் புகை, குளிரில் சலித்து அமர்ந்திருக்கும் பரிவாரம், நடுவே கருப்புடையில் நிறைசூலியாக அரசி. அந்தப் பயணம் உண்மையாகவே நடந்தது. வழியில், 1507 ஜனவரியில், தோர்கெமாதாவில் அவருக்குக் கடைசி மகள் பிறந்தாள். கணவரின் உடலைக் கிரனாடாவில் அடக்கம் செய்யக் கொண்டுசென்றதன் மூலம், மறுமணப் பேச்சைத் தவிர்த்து, பிள்ளைகளின் அரசுரிமையைக் காக்க அவர் முயன்றிருக்கலாம் என்று வாதிடும் வரலாற்றாய்வாளர்களும் உண்டு. அந்தக் காட்சி வரும்போது இதையும் மனத்தில் வைத்துப் பாருங்கள். அழுதுகொண்டு நிற்பவராக அன்றி, எதையோ தீர்மானித்து நடப்பவராக அவர் உங்களுக்குத் தெரியக்கூடும்.