வளரும் நாடுகளில் காலநிலை மாற்றத்தைச் சமாளிப்பதில் வணிக நிறுவனங்களின் பங்கு என்ன?

பங்கு மிகப் பெரியது. ஆனால் எவ்வளவு மாசு குறைந்தது என்று அளக்கும் வேலையை அவர்கள் கையிலேயே விட்டுவிடக் கூடாது என்பதுதான் என் கருத்து. இதை இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம், இந்தியாவிலும் சீனாவிலும் நடந்த ஒரு விஷயம். நான் பார்த்தவரை தமிழில் இதைப் பற்றி யாரும் அதிகம் எழுதவில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பழைய ஏசியில் போடும் ஆர்-22 கேஸ் தெரியும் இல்லையா, மெக்கானிக் வந்து "கேஸ் தீர்ந்துபோச்சு சார்" என்று சொல்லி நிரப்பிவிட்டுப் போவாரே, அதன் வேதியியல் பெயர் எச்சிஎஃப்சி-22. நான்ஸ்டிக் பாத்திரத்தில் பூசும் டெஃப்லானுக்கும் இதுதான் மூலப்பொருள். இதைத் தயாரிக்கும்போது நூறு டன்னுக்கு சுமார் மூன்று டன் என்ற கணக்கில் எச்எஃப்சி-23 என்று இன்னொரு வாயு கூடவே வரும். அதற்குப் பெரிய உபயோகம் எதுவும் இல்லை, எனவே ஆலைகள் அதைக் காற்றில் விட்டுக்கொண்டிருந்தன. பூமியைச் சூடாக்குவதில் அந்த வாயு ஒரு டன், கியோட்டோ ஒப்பந்தம் என்ற சர்வதேச காலநிலை உடன்படிக்கையின் கணக்குப்படி, 11,700 டன் கரியமில வாயுவுக்குச் சமம்.

அந்த ஒப்பந்தத்தில் தூய்மை வளர்ச்சி முறை என்று ஓர் ஏற்பாடு உண்டு, சி.டி.எம். என்பார்கள். வளரும் நாட்டில் ஒரு நிறுவனம் ஒரு டன் கரியமில வாயுவுக்குச் சமமான மாசைக் குறைத்தால் அதற்கு ஒரு கார்பன் கிரெடிட், அதைப் பணக்கார நாடுகள் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளும். நல்ல நோக்கம்தான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு டன் எச்எஃப்சி-23-ஐ உலையில் போட்டு எரித்தால் 11,700 கிரெடிட், ஒன்று பத்து யூரோ என்று வைத்தால்கூட 1,17,000 யூரோ. எரிக்கும் செலவு இதில் ஒரு சிறு துளி. கேஸ் விற்று வரும் பணத்தைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு கிரெடிட்டிலேயே வரும் என்று 2007-ல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் ஒரு ஆய்வாளர் கணக்குக் காட்டினார். அதாவது தொழிற்சாலையின் முக்கியச் சரக்கே கழிவு என்று ஆகிவிட்டது. இந்த வகையில் பதிவானவை உலகம் முழுக்க 19 திட்டங்கள்தான், அதில் 11 சீனாவில், 5 இந்தியாவில் (ஒன்று நம் மேட்டூரில்). மொத்த சி.டி.எம். பணத்தில் பெரும் பங்கு இந்தச் சில ஆலைகளுக்கே போனது. கிராமத்து சாண எரிவாயுத் திட்டங்களுக்கும் சின்னச் சின்ன சூரிய மின்திட்டங்களுக்கும் போயிருக்க வேண்டிய பணம் அது என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை.

சீன அரசு ஒரு காரியம் செய்தது: இந்தக் கிரெடிட் வருமானத்தில் 65 சதவீதத்தை எடுத்து தன் தேசிய காலநிலை நிதியில் போட்டது. இந்தியாவில் அப்படி எடுக்கவில்லை, வந்தது நிறுவனங்களின் லாபத்தில் சேர்ந்தது. நிறுவனங்களை நான் இதற்காகத் திட்டமாட்டேன், விதி அப்படி இருந்தது, அவர்கள் விதிப்படி சம்பாதித்தார்கள். விதியை அப்படி விட்டு வைத்தவர்களிடம்தான் என் கேள்வி.

2013 மே முதல் ஐரோப்பிய ஒன்றியம் இந்தக் கிரெடிட்டுகளை ஏற்க மாட்டேன் என்று நிறுத்திவிட்டது. அப்புறம் எரிக்க யார் காசு தருவார்கள் என்ற பேச்சு சில வருடம் ஓடியது. கடைசியில் 2016 அக்டோபரில், எச்எஃப்சி வகை வாயுக்களைக் குறைப்பது பற்றிய கிகாலி மாநாடு நடந்துகொண்டிருந்தபோது, இந்திய அரசு ஓர் ஆணை போட்டது: எச்சிஎஃப்சி-22 தயாரிப்பவர்கள் எச்எஃப்சி-23-ஐச் சொந்தச் செலவில் எரிக்க வேண்டும். அவ்வளவுதான். பத்து வருடம் முன்னாலேயே போட்டிருக்கக்கூடிய ஆணை.

சரி, அதோடு முடிந்ததா என்றால் இல்லை. 2020 ஜனவரியில் ஒரு ஆய்வு வந்தது, அயர்லாந்து, டாஸ்மேனியா போன்ற இடங்களில் இருக்கும் நிலையங்களில் காற்றையே அளந்து பார்த்தது. இந்தியாவும் சீனாவும் சொன்ன கணக்குப்படி உலகின் எச்எஃப்சி-23 வெளியீடு 2017-க்குள் பெரிதாகக் குறைந்திருக்க வேண்டும், ஆனால் 2018-ல் அது அதுவரை இல்லாத உச்சத்தில் இருந்தது. எந்த ஆலையிலிருந்து வந்தது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. ஆனால் காகிதத்தில் இருந்த கணக்கும் காற்றில் இருந்த கணக்கும் ஒன்றாக இல்லை என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

இதிலிருந்து நிறுவனங்களே வேண்டாம் என்று முடிவு கட்டுவது தவறு. திருப்பூரைப் பாருங்கள். நொய்யலைக் கெடுத்த சாயப்பட்டறைகளை 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது, ஒரு சொட்டு கழிவுநீர்கூட வெளியே விடாமல் காட்டினால்தான் திறக்கலாம் என்று. மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது, பட்டறைக்காரர்கள் கூட்டாக நடத்தும் பொது சுத்திகரிப்பு நிலையங்கள் உப்பைப் பிரித்து, தண்ணீரைத் திரும்ப எடுக்கும் அளவுக்கு வந்துவிட்டன. எந்த அரசு அலுவலகமும் அந்த வேலையைச் செய்திருக்காது. அதேபோல முப்பந்தல், பல்லடம் பக்கம் நிற்கும் காற்றாலைகளில் நிறைய மில்காரர்கள் போட்டவை. தேய்மானக் கழிவில் வருமான வரி குறையும், அதில் கிடைக்கும் மின்சாரத்தை மின்வாரியக் கம்பியிலேயே தன் மில்லுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று அரசு வழி செய்ததும் போட்டார்கள். விதி தெளிவாக இருந்தால் நம் தொழில்காரர்கள் எதையும் செய்து முடிப்பார்கள், இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

நான் வேலை பார்ப்பது ஏற்றுமதி ஜவுளியில், வெளிநாட்டு பையர்கள் கேட்கும் கார்பன் விவரங்களைத் தொகுத்துக் கொடுக்கும் பக்கம். அங்கே தினமும் பார்ப்பது இதுதான்: கரண்ட் கணக்கு ஈ.பி. பில்லில் இருந்து சரியாக வரும், ஜெனரேட்டர் டீசல் ஓரளவு வரும், பாய்லருக்குப் போகும் விறகு மட்டும் லாரிக்கணக்கில் குத்துமதிப்பு. அந்த விறகும் மரம் திரும்ப வளரும் என்ற அடிப்படையில் வழக்கமான மொத்தத்தில் சேராது, தனியாகக் குறிப்பார்கள். எந்தக் காட்டில் வெட்டியது, திரும்ப நட்டார்களா என்று படிவத்தில் எங்கள் பக்கம் யாரும் கேட்டதில்லை. சுத்திகரிப்பு நிலையத்தில் தண்ணீரை ஆவியாக்கவே எவ்வளவு நீராவி தேவைப்படுகிறது என்று தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய ஓட்டை என்று புரியும். இதற்கு மேல், கார்பனைக் குறை என்று சொல்லும் பையர் பனியனுக்கு ஐந்து பைசா கூட ஏற்றித் தருவதில்லை, செலவு முழுக்க ஜாப் ஒர்க் செய்யும் சின்ன யூனிட் தலையில் விழுகிறது. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி, 2022-23 முதல், சந்தை மதிப்பில் முன்னணியில் இருக்கும் 1,000 பட்டியலிட்ட நிறுவனங்களுக்குச் சுற்றுச்சூழல் அறிக்கையைக் கட்டாயமாக்கியது நல்லதுதான். ஆனால் அந்தச் சின்ன யூனிட்டுக்கு ஒரு மீட்டர் வாங்கிப் பொருத்தக் கடன் எங்கே கிடைக்கும் என்பதற்கு அதில் பதில் இல்லை.

இப்போது இந்தியா சொந்தமாக, கார்பன் கிரெடிட்டை வாங்கி விற்கும் ஒரு சந்தை ஆரம்பிக்கிறது, 2023-ல் அறிவிப்பு வந்தது, சிமென்ட், அலுமினியம், காகிதம் போன்ற துறைகளுக்கு இலக்கு வைக்கிறார்கள். இலக்கு எவ்வளவு இருக்கலாம் என்பதில் ஆலைகளின் கருத்தைக் கேட்கட்டும், அவர்களுக்குத்தான் உலை எப்படி ஓடுகிறது என்று தெரியும். ஆனால் என்ன கேட்டார்கள், அரசு எதை ஏற்றது என்பது பொதுமக்கள் படிக்கும்படி வெளியே வர வேண்டும். கணக்கைச் சரிபார்க்கும் ஏஜென்சியை ஆலையே அமர்த்தி ஆலையே சம்பளம் கொடுப்பதை மாற்றி, எல்லா ஆலைகளும் ஒரு பொது நிதியில் கட்டணம் செலுத்தி, யார் எந்த ஆலைக்குப் போவது என்பதை அரசு குலுக்கலில் முடிவு செய்ய வேண்டும். இந்த ஒரு மாற்றத்துக்காகவாவது நாம் இப்போதே, சந்தை சூடு பிடிப்பதற்கு முன், சத்தம் போட வேண்டும்.