கடல் இல்லாத ஊரில் கப்பல் டிக்கெட்

சென்ற வாரம் இரும்புத் தோசைக்கல் பற்றி எழுதும்போது, சின்ன சொகுசுக் கப்பலில் ஒரு வாரம் போய்வந்ததைப் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டேன். தோசைக்கல்லைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. வந்தவை எல்லாம் கப்பல் கடிதங்கள். கடல் என்று காட்ட கிருஷ்ணகிரி அணையைத் தவிர வேறொன்றும் இல்லாத நம் பக்கத்திலிருந்து இத்தனை பேர் கிளம்பியிருப்பது எனக்குப் புதுச் செய்தி.

கேள்வி: ஓய்வுபெற்ற பணத்தில் மனைவியை ஒருமுறை அழைத்துப்போக ஆசை. சின்னக் கப்பலில் அப்படி என்ன இருக்கிறது? கொடுக்கிற காசுக்குத் தகுமா? (முன்னாள் தலைமையாசிரியர், அரூர்)

பதில்: காசு கொடுப்பது கூட்டம் இல்லாததற்கு. 2024-இல் ஓடத் தொடங்கிய ஐகான் ஆஃப் தி சீஸ் கப்பல் நிரம்பினால் 7,600 பயணிகள் வரை இருப்பார்கள். சீட்ரீம் நிறுவனத்தின் கப்பல் ஒன்றில் 112 பேர்தான். அவர்களைக் கவனிக்க 95 ஊழியர்கள். இரண்டு டவுன் பஸ்ஸில் நெருக்கி ஏற்றிவிடலாம்.

நான் போனது வேறு நிறுவனத்தின் கப்பல். அளவு ஏறத்தாழ அதே. குரோஷியக் கரையோரம் ஏழு இரவு. முதல் நாள் காலை, காபியில் சர்க்கரை வேண்டாம், பால் தனியாக, நல்ல சூடாக என்று சொன்னேன். இரண்டாம் நாள் நான் நாற்காலியை இழுப்பதற்குள் அது அப்படியே வந்து நின்றது. தர்மபுரியில் நான் பதினைந்து வருடமாகக் குடிக்கிற கடையில் இன்னும் சர்க்கரை போட்டுத்தான் தருகிறார்கள்.

இன்னொரு லாபம் துறைமுகம். கோர்ச்சுலா என்ற மதில் சூழ்ந்த தீவு ஊரில் எங்கள் கப்பல் மதிலுக்கு எதிரிலேயே போய் ஒட்டி நின்றது. இறங்கி நடந்தால் ஊர். இந்த மாதிரி இடங்களில் பெரிய கப்பல் தள்ளி நங்கூரம் போட்டு, ஆட்களைப் படகு படகாக இறக்கும். அந்தப் படகுக்கு வரிசை. சில இடங்களில் கூட்டத்துக்கு அனுமதியே இல்லை. அண்டார்டிகாவில் 500 பயணிகளுக்கு மேல் உள்ள கப்பல் யாரையும் கரையிறக்குவதில்லை. ஒரே நேரத்தில் ஓரிடத்தில் 100 பேருக்கு மேல் இறங்குவதும் இல்லை. காலாபகோஸ் தீவுகளில் 100 பேருக்கு மேல் ஏற்றும் கப்பல் ஓட முடியாது.

இப்போது கசப்பு. சின்னக் கப்பல் ஆடும். ஒரு ராத்திரி சாப்பாட்டு மேசை விரிப்பை நனைத்துப் போட்டார்கள். அழுக்கோ என்று பார்த்தேன். தட்டு வழுக்காமல் இருக்க என்றார்கள். நடைபாதைக் கைப்பிடிக் கம்பியில் பத்தடிக்கு ஒன்றாகக் காகிதப் பைகளைச் செருகி வைத்திருந்தார்கள். அவை எதற்கு என்று பத்து மணிக்குத் தெரிந்துகொண்டேன். தவறு என்னுடையது. மலிவாக இருக்கிறதே என்று கப்பலின் மூக்கில் ஓர் அறை வாங்கியிருந்தேன். ஆட்டம் அங்கேதான் அதிகம். விடிகாலை ஐந்து மணிக்கு நங்கூரச் சங்கிலி தலைமாட்டில் இறங்கும் சத்தம், லாரியிலிருந்து ஜல்லி கொட்டுவது போல. நீங்கள் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை கேளுங்கள். ஜன்னல் சிறிதாக இருக்கும், தூக்கம் பெரிதாக இருக்கும்.

இரவு பத்துக்கு மேல் ஒரு பியானோ. கேட்க ஆறு பேர். நடனம், சூதாட்டம், நாடகம் என்று எதையும் எதிர்பார்க்காதீர்கள். பேசாமல் உட்கார்ந்து தண்ணீரைப் பார்க்க உங்கள் மனைவிக்குப் பிடிக்குமா என்று அவரிடமே கேளுங்கள். பிடிக்கும் என்றால் தகும்.

கேள்வி: பிள்ளைகளுக்கு 8, 11 வயது. நீர்ச்சறுக்கு, விளையாட்டு அறை எல்லாம் உண்டா? (ஓசூர்)

பதில்: பெரும்பாலும் கிடையாது. பெரிய கப்பலில் போங்கள். உங்களுக்கும் நல்லது, அமைதிக்குக் காசு கொடுத்தவர்களுக்கும் நல்லது.

கேள்வி: "7 இரவு, ரூ.2,40,000 முதல்" என்று விளம்பரம். விசாரித்தால் எனக்கும் மனைவிக்கும் ஏழு லட்சத்தைத் தாண்டுகிறது. இது மோசடி இல்லையா? (தக்காளி வியாபாரி, பாலக்கோடு)

பதில்: ஐயா, தமிழில் 'முதல்' என்றால் தொடக்கம் என்றும் பொருள், கையிலிருக்கும் பணம் என்றும் பொருள். அவர்கள் முதலாவதைச் சொல்லி இரண்டாவதை எடுக்கிறார்கள். இந்த ஒற்றைச் சொல்லோடு எனக்கு இருபது வருடப் பகை. இதே 'முதல்'-ஐ நம்பித்தான் ஒரு கட்டில் வாங்கினேன். மெத்தையைத் தாங்கும் பலகை அந்த விலையில் சேராது என்பது கட்டில் வீட்டுக்கு வந்த பிறகு தெரிந்தது.

உங்கள் தாளைப் பிரித்துப் பார்ப்போம். 2,40,000 என்பது ஒரு ஆளுக்கு, அதுவும் அறையை இருவர் பகிர்ந்தால். ஆக, தொடக்கமே 4,80,000. தனியாகப் போகிறவர் சும்மா கிடக்கும் இன்னொரு படுக்கைக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும். சில கப்பல்களில் முழுதாக இரட்டிப்பு. கணவரை இழந்த பெண்மணி தனியாகப் போக நினைத்தால் அவரிடம் இரண்டு பேர் காசு வாங்குவது எந்த ஊர் நியாயம் என்று நான் ஒரு முகவரைக் கேட்டேன். "அது உலக வழக்கம் சார்" என்றார். உலகம் பாலக்கோடு மண்டிக்கு வந்து, தக்காளியைக் கிலோ பத்து ரூபாய் 'முதல்' என்று கூவிவிட்டு, பெட்டிக்கும் ஏற்றுகூலிக்கும் தனிக் கணக்குப் போடட்டும், பார்க்கலாம்.

பிறகு, அந்த விலை மிகச் சிறிய அறைக்கு. அந்த வகையில் நாலைந்து அறைகள்தான் இருக்கும், நீங்கள் கேட்கும்போது தீர்ந்திருக்கும். துறைமுக வரி தனி. பெங்களூரிலிருந்து விமானம் தனி. விசா, காப்பீடு தனி. வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்புக்கு டிசிஎஸ் என்று ஒரு வரி பிடிப்பார்கள். அது போன பணம் இல்லை. வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், மிஞ்சினால் திரும்ப வாங்கலாம். முகவர்கள் இதைச் சொல்வதில்லை.

'எல்லாம் உள்ளடக்கம்' என்று போட்டிருந்தால் பெரும்பாலும் சாப்பாடு, மது, ஊழியர்களுக்கான டிப்ஸ் அடங்கும். நீங்கள் குடிக்காதவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் பக்கத்து மேசைக்காரரின் ஷாம்பெயினுக்கும் சேர்த்துத்தான் கட்டுகிறீர்கள். ஊர் சுற்றிக் காட்டும் பஸ் மட்டும் பல கப்பல்களில் அடங்காது.

சட்டப்படி மோசடி என்று நிரூபிப்பது கடினம், ஏனென்றால் அந்த ஒரு சொல்லை எறும்பு அளவு எழுத்திலாவது போட்டிருக்கிறார்கள். எந்த அறை, எத்தனை பேர், வரிகள் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். எழுதித் தராதவருக்கு முன்பணம் தராதீர்கள்.

கேள்வி: கப்பலில் இரண்டு முறை வீட்டுக்குப் பேசினேன், பேரனுக்குப் படங்கள் அனுப்பினேன். போன் பில் 23,000 ரூபாய். (கிருஷ்ணகிரி)

பதில்: நடுக்கடலில் போன் பிடிப்பது கப்பலின் சொந்த டவரை. அது செயற்கைக்கோள் வழியாக ஓடுகிறது; சாதாரண வெளிநாட்டு ரோமிங் பேக்கில் பெரும்பாலும் சேராது. கப்பல் நகர்வதற்கு முன் ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டு, கப்பலின் வைஃபையை மட்டும் பயன்படுத்துங்கள். இந்தப் பில்லுக்கு, சேவை நிறுவனம் கட்டணத்தை எச்சரித்துக் குறுஞ்செய்தி அனுப்பியதா என்று தேடிப் பாருங்கள். இல்லையென்றால் புகார் எழுதுங்கள், கொஞ்சமாவது குறைக்கக்கூடும்.

கேள்வி: குரோஷியாவில் ஏறி, கோட்டோர் போய், மறுபடி குரோஷியா வரும் கப்பல். விசா ஒருமுறை நுழைவுக்குத்தான் வாங்கியிருந்தேன். ஏற விடவில்லை. ஆறு லட்சம் போயிற்று. நிறுவனத்தின் மீது வழக்குப் போடலாமா? (பர்கூர்)

பதில்: போடலாம், தோற்பீர்கள். குரோஷியா 2023 ஜனவரி 1 முதல் ஷெங்கன் பகுதி, அதாவது ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளில் ஒன்று. கோட்டோர் இருக்கிற மாண்டினீக்ரோ ஷெங்கன் இல்லை. அங்கே போன நொடியில் உங்கள் ஒற்றை நுழைவு முடிந்தது. திரும்பி வர இன்னொரு நுழைவு வேண்டும். நீங்கள் எனக்கு அனுப்பிய ஒப்பந்த நகலிலேயே நான்காம் பக்கத்தில் "பலமுறை நுழைவு விசா தேவை" என்று தடித்த எழுத்தில் இருக்கிறது. மொத்தம் பன்னிரண்டு பக்கம். ஆறு லட்சம் கொடுத்தவருக்கு அதைப் படிக்க அரைமணி நேரம் கிடைக்கவில்லையா? மூன்றாம் பக்கத்தில் உங்கள் கையெழுத்து வேறு இருக்கிறது.

கேள்வி: அம்மாவுக்காக நானும் தம்பியும் சேர்ந்து 3 லட்சம் முன்பணம் கட்டினோம். 150 பேர் போகும் கப்பல் என்றார்கள். ஏழு மாதம் கழித்து, அது ரத்து, 2,000 பேர் போகும் வேறு கப்பலில் போங்கள் என்கிறார்கள். வேண்டாம் என்றால் பணம் தர மாட்டார்களாம். அடுத்த பயணத்துக்குக் கழித்துக்கொள்ள ஒரு சீட்டுத் தருவார்களாம். அம்மாவுக்கு முட்டிவலி, கூட்டத்தில் நிற்க முடியாது. (வாசகி, காவேரிப்பட்டணம்)

பதில்: அம்மா, அந்தச் சீட்டில் கையெழுத்துப் போடாதீர்கள். பணம் வேண்டாம், சீட்டுப் போதும் என்று நீங்களே ஒப்புக்கொண்டதாக அது ஆகிவிடும். விற்ற பொருளைக் கொடுக்காமல் வேறொன்றைக் கையில் திணிப்பது சேவைக் குறைபாடு. உங்களிடம் தவறே இல்லை. ரசீது, விளம்பரம், அவர்களுடைய மின்னஞ்சல் எல்லாவற்றையும் ஒழுங்காக வைத்திருக்கிறீர்கள்.

முதலில் 15 நாள் கெடு வைத்து, முழுத் தொகையையும் திருப்பித் தரும்படி பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதியுங்கள். சில நிறுவனங்கள் அதற்கே இறங்கி வரும். வராவிட்டால் உங்கள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். அவர்கள் அலுவலகம் மும்பையில் இருந்தாலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பணத்தோடு வட்டியும், மன உளைச்சலுக்கு இழப்பீடும் கேளுங்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

நான் கூச்சப்பட்டவன். பெங்களூரில் ஓர் ஓட்டலுக்கு இலவச இரவுச் சாப்பாடு என்று அழைத்து, விடுமுறைச் சங்க உறுப்பினர் அட்டையை 85,000 ரூபாய்க்கு என் தலையில் கட்டினார்கள். ஒருமுறைகூட அறை கிடைக்கவில்லை. வெளியே சொல்ல வெட்கப்பட்டே இரண்டு வருடத்தையும் விட்டுவிட்டேன். சாப்பாட்டில் பனீர் வேகவில்லை. நோட்டீஸை எழுதி எனக்கு அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன்.

கேள்வி: தொப்பூர் கணவாயில் பஸ் திரும்பினாலே எனக்குக் குமட்டும். கப்பல் ஒத்துக்கொள்ளுமா? (பென்னாகரம்)

பதில்: ஒகேனக்கல் உங்களுக்குப் பக்கம்தான். பரிசலில் ஏறி, ஒரு சுற்றுச் சுழற்றச் சொல்லுங்கள். பிறகு முடிவு செய்யுங்கள். எப்படியும் மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொண்டே போங்கள்.

கேள்வி: நாங்கள் சைவம். சின்ன ரைஸ் குக்கரும் மாவடுவும் எடுத்துப்போகலாமா? (தேன்கனிக்கோட்டை)

பதில்: குக்கர் கூடாது, தீப்பிடிக்கும் பயத்தில் சூடாக்கும் சாதனங்களைப் பறித்து வைத்துக்கொள்வார்கள். சைவம் என்பதைப் பணம் கட்டும்போதே எழுத்தில் சொல்லுங்கள். சரக்கு ஏற்றிய பிறகு நடுக்கடலில் பருப்பு முளைக்காது. மாவடுவைக் கப்பலுக்குள் பெரும்பாலும் கண்டுகொள்ள மாட்டார்கள். அதோடு கரையிறங்காதீர்கள்; ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகளில் உணவுப் பொருளை அறிவிக்காமல் கொண்டுபோனால் அபராதம்.

கேள்வி: பாஸ்போர்ட் இல்லை. இந்தியாவிலேயே சின்ன சொகுசுக் கப்பல் உண்டா? (தர்மபுரி)

பதில்: ஆற்றில் உண்டு. 2023 ஜனவரி 13-இல் வாரணாசியிலிருந்து கிளம்பிய கங்கா விலாஸ், 18 அறை, 36 பயணி. அந்த முதல் பயணம் திப்ருகர் வரை 51 நாள், 3,200 கிலோமீட்டர். ஆனால் அது வங்கதேசத்துக்குள் புகுந்து போகிற வழி, அதற்குப் பாஸ்போர்ட் வேண்டும். இந்தியாவுக்குள்ளேயே முடிகிற குறுகிய பயணம் இருக்கிறதா என்று கேளுங்கள். கொச்சியிலிருந்து லட்சத்தீவுக்கு அரசுக் கப்பல்கள் போகின்றன. அங்கே நுழைய அனுமதிச் சீட்டுக் கட்டாயம், சொகுசை எதிர்பார்க்காதீர்கள்.

கேள்வி: கப்பலில் இரவுச் சாப்பாட்டுக்குக் கோட் வேண்டும் என்கிறார்களே, தைக்க வேண்டுமா? (மொரப்பூர்)

பதில்: சின்னக் கப்பல்கள் பலவற்றில் காலர் வைத்த சட்டையும் முழுக்கால் சட்டையும் போதும். நான் கேட்காமல் 8,500 ரூபாய்க்குத் தைத்தேன். ஏழு இரவும் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. அளவு 42, கருநீலம். வேண்டுமென்றால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.