கமிஷனைப் படிக்க ஒரு கமிஷன்

கேள்வி: இலங்கைப் போரில் காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்காக இன்னொரு விசாரணைக் கமிஷன் அமைத்தால் இந்த முறையாவது நியாயம் கிடைக்குமா? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: 'இன்னொரு' என்றீர்கள் பாருங்கள், அது பிரமாதம். கமிஷன் போடுவதில் கொழும்புக்காரர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. 1994-ல் சந்திரிகா ஜனாதிபதியாக வந்ததும் காணாமல் போனவர்களை விசாரிக்கப் பிராந்தியத்துக்கு ஒன்றாக மூன்று போட்டார். பாக்கியை விசாரிக்க அப்புறம் நாடு முழுமைக்கும் ஒன்று. 2006-ல் மகிந்த, நீதிபதி உடலகம தலைமையில் ஒன்று. திருகோணமலைக் கடற்கரையில் கொல்லப்பட்ட 5 மாணவர்கள், மூதூரில் கொல்லப்பட்ட 17 தொண்டு நிறுவன ஊழியர்கள் எல்லாம் அதன் கணக்கில் வந்தார்கள். கண்காணிக்க வெளிநாட்டுப் பெரியவர்கள் குழு வேறு, தலைவர் நம் ஊர் முன்னாள் தலைமை நீதிபதி பகவதி. அரசுக்கு ஆலோசனை சொல்லும் சட்டமா அதிபர் (நம் ஊர் அட்டர்னி ஜெனரல் மாதிரி) அலுவலகத்து ஆட்களே கமிஷனுக்கும் வழக்கறிஞர்களாக இருந்தால் எப்படி ஐயா என்று அவர்கள் கேட்டுப் பார்த்தார்கள், நடக்கவில்லை, 2008-ல் மூட்டை கட்டிவிட்டார்கள். அப்போது சட்டமா அதிபராக இருந்தவர் சி.ஆர். டி சில்வா. போர் முடிந்து 2010-ல் போட்ட நல்லிணக்க ஆணைக்குழுவுக்குத் தலைவர் யார் தெரியுமா? அவரேதான்.

இதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டது 2021. கோத்தபய, உச்ச நீதிமன்ற நீதிபதி நவாஸ் தலைமையில் ஒரு கமிஷன் போட்டார். எதற்கு? முந்தைய கமிஷன்கள் என்ன சொல்லியிருக்கின்றன என்று படித்துப் பார்க்க!

சிரிக்காதீர்கள். ஜெயலலிதா மரணத்தை விசாரிக்க மூன்று மாதம் கெடு வைத்து 2017-ல் நாம் போட்ட ஆறுமுகசாமி ஆணையம் 2022-ல்தான் அறிக்கை தந்தது. இப்படி எழுதினால் போதும், ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர், என் பழைய சண்டைக்காரர், கமிஷன்தான் ஜனநாயகத்தின் மூச்சு என்று பக்கம் பக்கமாகக் கடிதம் போடுவார். போடட்டும், அதைப் படிக்க ஒரு குழு அமைத்துவிடுகிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். யாழ்ப்பாணம் பக்கத்துச் செம்மணியில் இருந்த புதைகுழியைக் காட்டிக்கொடுத்தது எந்தக் கமிஷனும் இல்லை. மாணவி கிருஷாந்தி கொலை வழக்கில் மரண தண்டனை வாங்கிய சோமரத்ன ராஜபக்ச என்ற ராணுவத்தான், இன்னும் 300, 400 பேரை அங்கே புதைத்திருக்கிறது என்று 1998-ல் கோர்ட்டிலேயே போட்டு உடைத்தான். மறுவருஷம் தோண்டினார்கள், 15 உடல்கள் கிடைத்தன, அத்தோடு சரி. 2025-ல் அதே செம்மணிப் பக்கம் சித்துப்பாத்தி மயானத்தில் தகன மேடைக்காக வேலையாட்கள் மண்ணை வெட்ட, எலும்புகள் வந்தன. கோர்ட் உத்தரவில் தொடர்ந்து தோண்டியதில் 200-க்கும் மேல் எலும்புக்கூடுகள். ஒரு குழந்தையின் எலும்புகளோடு நீல நிறப் பள்ளிக்கூடப் பை ஒன்று, பொம்மை ஒன்று.

காணாமல் போன பிள்ளைகளின் படத்தோடு கிளிநொச்சியில் 2017 பிப்ரவரியில் போராட்டத்தில் வந்து உட்கார்ந்த தாய்மார்கள் எத்தனை கமிஷனுக்குத்தான் மனு எழுதுவார்கள்? உட்கார்ந்தபடியே பலர் செத்தும் போனார்கள். திருகோணமலை மாணவர் வழக்கில் பிடிபட்ட 13 பேரும் 2019-ல் சாட்சியம் போதவில்லை என்று விடுதலை. போதாமல் என்ன செய்யும், முக்கிய சாட்சிகள் உயிருக்குப் பயந்து நாட்டை விட்டே போய்விட்டார்களே!

அதனால் என்னைக் கேட்டால் கமிஷன் வேண்டாம். தோண்டப் பணம் கொடுங்கள், வெளிநாட்டில் இருக்கும் சாட்சி அங்கிருந்தே பேச வழி செய்யுங்கள், வழக்கு நடத்தும் வேலையைச் சட்டமா அதிபரிடமிருந்து பிடுங்கித் தனி அலுவலகத்திடம் கொடுங்கள். அப்படி ஒன்றை அமைப்பதாக இப்போதைய அரசு சொல்கிறது. முதல் வழக்கில் எந்தப் பதவிக்காரர் பெயர் இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பேசுவோம்.