12 வயதில் வந்த அண்ணன், 3 வயதில் வந்த தம்பி

கேள்வி: நாங்கள் நாடு விட்டு நாடு வந்தபோது எனக்கு வயது 12, தம்பிக்கு 3. இப்போது எனக்கு 27. என் உச்சரிப்பைக் கேட்டதுமே, "நீங்க எந்த ஊரு?" என்கிறார்கள். 14 வயதிலிருந்து அப்பாவின் ஆஸ்பத்திரி, வாடகைப் பத்திரம் எல்லாம் நான்தான் பார்க்கிறேன். தம்பி வீட்டில் ஒட்டுவதே இல்லை. "நீ இன்னும் பழைய நாட்டிலேயே இருக்கே" என்கிறான். "நீ அவங்க ஆளாயிட்டே" என்று நானும் சொல்லிவிட்டேன். பேச்சு நின்றுவிட்டது. இவனை எப்படி வழிக்குக் கொண்டுவருவது?

பதில்: வழிக்குக் கொண்டுவருவது இருக்கட்டும். ரூபன் ரும்பாட் என்ற சமூகவியலாளர், பிள்ளைப் பருவத்தில் குடிபெயர்ந்தவர்களை வந்த வயதை வைத்துப் பிரித்தார். பெரியவர்களாக வந்தவர்கள் முதல் தலைமுறை, வந்த நாட்டிலேயே பிறந்தவர்கள் இரண்டாம் தலைமுறை என்றால், இடையில் 6 முதல் 12 வயதுக்குள் வந்தவர்கள் 1.5 தலைமுறை, அதற்கும் முன்பே வந்தவர்கள் 1.75. அந்தக் கணக்கில் நீங்களும் தம்பியும் ஒரே தலைமுறைகூட இல்லை. உங்களுக்கு ஊர் ஞாபகம் இருக்கிறது. அவனுக்கு அதுவும் இல்லை. அவன் எவ்வளவு சுத்தமாகப் பேசினாலும் முகத்தைப் பார்த்து, "உண்மையில் எந்த ஊரு?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். அங்கேயும் வேற்றாள், வீட்டிலும் 'அவங்க ஆள்' என்றால் அவன் எங்கேதான் போவான்? அந்த வார்த்தையை முதலில் நீங்கள் திரும்பப் பெறுங்கள்.

அடுத்தது உங்கள் பாரம். 14 வயதுப் பையன் டாக்டர் முன்னால் நின்று, அப்பாவின் பரிசோதனை முடிவைக் கேட்டு, அவர் பயந்துவிடாமல் இருக்கப் பாதியை விழுங்கிவிட்டு மொழிபெயர்த்துச் சொல்வது சின்ன வேலையா? தம்பி அனுபவித்த விளையாட்டுப் பருவம் உங்களுக்குக் கிடைக்கவில்லை. கோபத்தில் பாதி அதற்கானது என்றுதான் எனக்குப் படுகிறது. அதைத் தம்பி தலையில் போடாதீர்கள். அவன் கேட்டு வாங்கியதில்லை.

ஆனால் வேலையைப் பங்கு போடலாம். பல நாடுகளில் ஆஸ்பத்திரியிலேயே மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்து தருவார்கள். விசாரித்துப் பாருங்கள். மீதியில் ஒன்றை, அம்மாவின் வங்கிக் கடிதங்களை வைத்துக்கொள்வோம், முழுசாகத் தம்பியிடம் விட்டுவிடுங்கள். "உனக்கென்ன தெரியும்" என்று நடுவில் புகக் கூடாது. அவன் தப்பாகவே செய்தாலும் சரி. பெற்றோரிடமும் சொல்லிவையுங்கள்: "அண்ணனைப் பார்" என்ற பேச்சு இனி வேண்டாம். முதல் தடவை கேட்கும்போது தம்பி முடியாது என்பான். வற்புறுத்த வேண்டாம். அடுத்த கடிதம் வரட்டும், மறுபடி கேளுங்கள்.