மண்ணில் ஈரம் கூடினால் மழையும் கூடுமா?

கேள்வி: மண்ணில் இருக்கும் ஈரத்துக்கும் பருவமழைக்கும் சம்பந்தம் உண்டா? ஈரம் கூடினால் மழையும் கூடுமா?

சம்பந்தம் நிச்சயம் உண்டு. ஆனால் கூடுமா குறையுமா என்பது எவ்வளவு பெரிய நிலத்தைப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது.

நானும் "ஈரம் ஆவியாகும், ஆவி மேகமாகும், மேகம் மழையாகும்" என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். படிக்கும் காலத்தில் ஒரு வானிலை மாதிரியை (வானிலையைக் கணக்குப் போட்டுக் காட்டும் நிரல்) கணினியில் ஓட்டியபோது, தொடக்கக் கோப்பில் மண் ஈரத்தைத் தப்பாகக் கொடுத்துவிட்டேன். வட இந்தியா முழுக்கக் காய்ந்த நிலம். மற்றதெல்லாம் சரி. சில நாள் கணக்குக்குள் வடமேற்கில் தரைக்காற்று கொதித்தது, தாழ்வழுத்தம் ஆழமாகிக்கொண்டே போனது, அரபிக்கடல் காற்று தேவைக்கு மேல் வேகமெடுத்தது. தப்பு எங்கே என்று தேடவே ஒரு வாரம் போனது. எல்லாரையும் போல நானும் மண்ணைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன்.

ஏன் இப்படி ஆகிறது என்பதைச் சின்னக் கணக்கில் பார்க்கலாம். 1 சதுர மீட்டர் மண்ணில் 1 மி.மீ. ஈரம் என்றால் 1 லிட்டர் தண்ணீர். அது ஆவியாக ஏறக்குறைய 24.5 லட்சம் ஜூல் வெப்பம் வேண்டும். அந்த ஈரம் இல்லையென்றால் அதே வெயில் வேறு வேலை பார்க்கும்: அந்தச் சதுர மீட்டருக்கு மேலே 1 கி.மீ. உயரத்துக்கு நிற்கும் காற்றை அந்த வெப்பம் ஏறக்குறைய 2 டிகிரி சூடாக்கிவிடும். ஈரமான நிலம் ஒரு நாளைக்கு 4 மி.மீ. ஆவியாக்குவதெல்லாம் சாதாரணம். வெயில் ஒன்றுதான், அது காற்றைச் சூடாக்குமா, தண்ணீரை ஆவியாக்குமா என்பதை மண்தான் முடிவு செய்கிறது.

இதோடு மண்ணுக்கு ஞாபகசக்தியும் உண்டு. காற்று சில நாளில் எல்லாவற்றையும் மறந்துவிடும். வேர் ஆழத்தில் இறங்கிய ஈரம் வாரக்கணக்கில் நிற்கும்.

சரி, பெரிய அளவில் என்ன ஆகும்? பருவக்காற்றை இழுப்பதில் நிலத்துக்கும் கடலுக்கும் இடையிலான வெப்ப வித்தியாசத்துக்குப் பெரிய பங்கு. கோடையில் நிலம் ஈரமாக இருந்தால் அது மெதுவாகத்தான் சூடாகும், இழுவையும் குறையும். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் முதல் தலைவர் பிளான்ஃபோர்டு 1884-லேயே, இமயமலையில் பனி அதிகமாகக் கிடந்தால் சமவெளியில் பருவமழை குறைகிறது என்று எழுதினார். பனி வெயிலைத் திருப்பி அனுப்பும். உருகினால் மண்ணை நனைக்கும். இரண்டுமே நிலம் சூடாவதைத் தள்ளிப்போடும்.

சின்ன அளவில்தான் எனக்குப் பிடித்த விஷயம் இருக்கிறது. சில பத்து கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு பகுதியில் நேற்று மழை பெய்து ஊறிக் கிடக்கிறது, பக்கத்துப் பகுதி காய்ந்து கிடக்கிறது என்று வையுங்கள். மதியம் காய்ந்த பக்கத்தில் காற்று சூடாகி மேலே எழும். ஈரப் பக்கத்திலிருந்து குளிர்ந்த காற்று அங்கே ஓடிவரும். கடலே இல்லாத இடத்தில் ஒரு கடல்காற்று! இரண்டும் சந்திக்கிற ஓரத்தில் மேகம் குவிந்து, இடிமழை பல நேரம் காய்ந்த பக்கத்தில் இறங்கிவிடும். செயற்கைக்கோள் தரவுகளை வைத்து 2012-ல் வந்த ஓர் ஆய்வு, உலகின் பல பகுதிகளில் பிற்பகல் மழை அக்கம்பக்கத்தைவிடக் காய்ந்த மண்ணின் மேல்தான் அதிகம் பெய்கிறது என்று காட்டியது. ஆப்பிரிக்காவின் சாஹேல் பகுதியில் இது நன்றாகவே தெரிகிறது.

அப்படியானால் "ஈரம் மழையைக் கொண்டுவரும்" என்பது பொய்யா? இல்லை. 2004-ல் பன்னிரண்டு மாதிரிகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது, மண் ஈரம் மழையை வலுவாகப் பாதிக்கும் இடங்களாக வட அமெரிக்கச் சமவெளி, சாஹேல், இந்தியா ஆகியவை வந்தன. மூன்றுமே ரொம்பக் காய்ந்ததும் இல்லை, ரொம்ப நனைந்ததும் இல்லை என்கிற இடைப்பட்ட பகுதிகள். பாலைவனத்தில் ஆவியாக ஒன்றுமில்லை. எப்போதும் நனைந்த காட்டில் கொஞ்சம் ஈரம் கூடினாலும் வித்தியாசம் தெரியாது. அப்புறம், வங்கக்கடலில் உருவாகி உள்நாட்டுக்குள் வரும் தாழ்வு மண்டலங்களுக்கும் நனைந்த மண் வழியில் தீனி போடுகிறது.

என் பழைய தப்புக்கு வருகிறேன். வட இந்தியாவில் கோடிக்கணக்கான ஏக்கருக்குப் பாசனம் நடக்கிறது, ஆனால் பல மாதிரிகளில் அது இல்லாமலே இருந்தது. என் கோப்பைப் போலவே அங்கும் வடமேற்கு அளவுக்கு மீறிச் சூடாகி, அரபிக்கடல் காற்றைக் கூடுதலாக இழுத்தது. பாசனத்தைச் சேர்த்து ஓட்டிய ஒரு 2009 ஆய்வில் நிலம் குளிர்ந்தது, அந்த அரபிக்கடல் காற்று தளர்ந்தது, வங்கக்கடல் பக்கத்து ஈரக்காற்று இன்னும் மேற்கே உள்ளே போனது. நான் ஒரு வாரம் தேடியதும் அந்த ஈரத்தைத்தான்.