ஆங்கிலம் கற்க இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் 'படிநிலைப் பாடங்கள்' என்றால் என்ன? அவை ஏன் உதவுகின்றன?

கற்பவருக்கு இப்போது தெரிந்த அளவுக்கேற்பச் சொற்களையும் வேகத்தையும் குறைத்துத் தரும் செய்தி, கதை, உரையாடல் ஆகியவையே படிநிலைப் பாடங்கள்.

ஏன் குறைக்க வேண்டும்? வரிக்கு வரி அகராதியைப் புரட்ட நேர்ந்தால் மனம் சொல்லிலேயே நின்றுவிடும். வாக்கியம் எப்படி ஓடுகிறது என்று கவனிக்கவே முடியாது. பெரும்பாலான சொற்கள் தெரிந்திருந்தால், தெரியாத ஒன்றிரண்டின் பொருளைச் சூழலே காட்டிக்கொடுக்கும். கிணற்றில் நீச்சல் பழகுகிறவருக்குச் சுரைக்குடுக்கை கட்டிவிடுவதைப் போலத்தான். அதே தண்ணீர், ஆனால் மூழ்காமல் கைகால் அடிக்கலாம்.

வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலி 1959-இல் இப்படி ஒரு நிகழ்ச்சியைத் தொடங்கியது. ஏறத்தாழ 1,500 சொற்கள், சிறு வாக்கியங்கள், நிதானமான வாசிப்பு.

இன்று ஓரளவு ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கு என் முதல் பரிந்துரை, பிபிசி லேர்னிங் இங்கிலிஷ் தரும் '6 மினிட் இங்கிலிஷ்'. பேச்சு, அதன் எழுத்து வடிவம், புதுச் சொற்களுக்கு விளக்கம் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். முதலில் எழுத்தைப் பார்க்காமல் கேளுங்கள். பிறகு வாசித்துக்கொண்டே மறுபடி கேளுங்கள். காதுக்குத் தப்பிய சொற்கள் அப்போதுதான் பிடிபடும். தயவுசெய்து அந்த இரண்டாம் முறையை விட்டுவிடாதீர்கள்!

அடியிலிருந்து தொடங்குவோருக்கு பிரிட்டிஷ் கவுன்சிலின் லேர்ன்இங்கிலிஷ் தளத்தில் ஏ1 எனப்படும் தொடக்க நிலை முதல் பாடங்கள் உண்டு. வாசிக்க, எளிய ஆங்கில விக்கிப்பீடியா.

இவையெல்லாம் குழந்தைகளுக்கான அரைகுறை ஆங்கிலம் என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். அது தவறு: இலக்கணம் முழுமையானது, பேசப்படுவதும் அறிவியல், வேலை, பணம் போன்ற பெரியவர்களின் விஷயங்கள்தான்.